முருங்கை இலை: ஆகாரமா, மருந்தா?



கடந்த சில மாதங்களாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பலமுறை கேட்கப்பட்டிருக்கிறது. ஒரு சபையின் பெண்கள் சங்கத்தார் முருங்கை இலைப்பொடி டப்பாக்கள் வாங்கி எங்கள் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பதாக எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர், தாம் தினமும் விழுங்கும் முருங்கை மாத்திரைகளை ஏழை வியாதியஸ்தருக்கும் கொடுக்கலாமே என்று கேட்டிருந்தார். தம் வீட்டுக் கொல்லையில் முருங்கை பூத்துக் காய்த்து நிற்க, கடையில் 400 ரூபாய் கொடுத்து அதே இலையின் பொடியை வாங்குவது சரியா என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டிருந்தார். அந்த அம்மாவின் கேள்விதான் எனக்கு அதிகம் பிடித்தது.

எல்லோருக்கும் தனித்தனியே பதில் எழுத நேரமில்லை. ஆகையால் இந்த இதழின் ஆரோக்கியப் பாடத்தை முருங்கைக்கே கொடுத்துவிடுகிறேன். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை, எட்டு மாத கர்ப்பிணி ஒருவர் வெளிநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். இரண்டாவது பிரசவம். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம் போல இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை, 7-க்குக் குறைந்தால் கடுமையான ரத்தசோகை என்பது கணக்கு. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் எங்கே என்று கேட்டேன்.

"அது சூடு, டாக்டரம்மா. மலம் கறுப்பாப் போகுது. வயித்தைப் பிரட்டுது. அதான் நிறுத்திட்டு முருங்கைப் பொடி சாப்பிடுறேன். அதுலயும் இரும்புதானே இருக்கு? இயற்கை வேற."

பையிலிருந்து டப்பாவையும் எடுத்துக் காட்டினார். அதன் மேல் அச்சிட்டிருந்த எண்களை அவருடைய கணவர் மனப்பாடமாகவே சொன்னார். ஆரஞ்சைவிட இத்தனை மடங்கு, பாலைவிட இத்தனை மடங்கு, பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு! அவர்கள் அறியாமையினால் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நன்மை செய்கிறோம் என்று நம்பி, கூலிப்பணத்தில் மிச்சம் பிடித்து அந்த டப்பாவை வாங்கியிருந்தார்கள். அந்தத் தாயைச் சேர்த்து ரத்தம் ஏற்றவேண்டியதாயிற்று.

இப்பொழுது பாடத்துக்கு வருவோம்.

நம் வீட்டு மரம்

முருங்கையின் தாயகம் இந்தியாவின் வடமேற்கில் இமயமலையின் அடிவாரப் பகுதி. ஆனாலும் உலகம் அதை அழைக்கும் பெயர் நம்முடையது. தாவர நூலார் அதற்கு வைத்த 'மொரிங்கா ஒலிஃபெரா' என்ற பெயரின் முதல் பாதி நம் முருங்கையிலிருந்து போனது. மறுபாதிக்கு 'எண்ணெய் தருவது' என்று பொருள். விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் எளிதில் சிக்கு நாற்றம் எடுக்காது. ஆகையால் வாசனைத் தைலம் செய்வோரும் கடிகாரம் பழுதுபார்ப்போரும் ஒருகாலத்தில் அதை விரும்பி வாங்கினார்கள்.

நம் ஊரில் இந்த மரத்தைப்பற்றி இரண்டு விதமான பேச்சும் உண்டு. முருங்கை வைத்தவன் வெறுங்கையோடு போவான் என்பார்கள். அதாவது, முருங்கை நட்டுச் சாப்பிட்டவன் வயதான காலத்திலும் கையில் கோல் இல்லாமல் நடப்பான் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். மறுபக்கம், வீட்டு வாசலில் முருங்கை ஆகாது, வேதாளம் ஏறும் மரம் என்ற பேச்சும் உண்டு. வேதாளத்தை விட்டுவிடுங்கள். கிளை லேசில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்கும். வாசலில் வேண்டாம், கொல்லையில் வையுங்கள் என்பதற்கு அந்த இரண்டு காரணங்களே போதும். சினிமாக்காரர்கள் முருங்கைக்காயை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் எழுதவேண்டியதில்லை.

பழைய கைமருத்துவத்தில் இலைக்குப் பல வேலைகள் இருந்தன. மலச்சிக்கலுக்குக் கீரைப் பொரியல். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க, பூண்டு தட்டிப்போட்ட முருங்கைக்கீரைச் சாறு. சளிக்கும் உடம்பு வலிக்கும் மிளகு சேர்த்த ரசம். மாலைக்கண் உள்ள பிள்ளைக்குத் தினம் ஒரு கைப்பிடி கீரை. வீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டுவது. வெண்ணெய் உருக்கும்போது ஒரு கொத்து இலையைப் போட்டு நெய்யை வாசனையாக இறக்குவது மருந்தல்ல, ருசி. ஆனால் அந்த மொறுமொறு இலைக்காக அடுப்படியில் காத்து நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

கடல் கடந்தும் இதே வழக்கம் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் இதை மலுங்கை என்கிறார்கள். அங்கேயும் தாய்மாருக்குப் பால் ஊற இந்த இலைச் சாறுதான். அந்த நாட்டில் நடந்த சில சிறிய ஆய்வுகளில், இலை மாத்திரை சாப்பிட்ட தாய்மாருக்குப் பால் சற்று அதிகமாகச் சுரந்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆய்வுகள் சிறியவை, ஆகையால் முடிவாகச் சொல்வதற்கில்லை. ஆனால் பிரசவித்தவளுக்குக் கீரை கொடுப்பதைத் தடுக்க எந்த நியாயமும் இல்லை. அவளுக்குப் பசிக்கும், கொடுங்கள். குழந்தையை அடிக்கடி மார்பில் விடுவதுதான் பால் ஊறுவதற்கு முதல் மருந்து என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இலைக்குள் என்ன இருக்கிறது?

பச்சை இலை 100 கிராமில் புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. கீரை வகைகளில் இது நல்ல அளவு. கால்சியம், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 440 மில்லிகிராம். 2017-இல் வந்த புதிய பட்டியலில் 314. வைட்டமின் சி பழையதில் 220, புதியதில் சுமார் 108. இரும்புச்சத்து புதிய கணக்கில் நாலரை மில்லிகிராம். எண்கள் ஏன் மாறுகின்றன என்று திகைக்கவேண்டாம். மண், பருவம், இலையின் முற்றல், பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, ஒட்டியிருந்த புழுதியை எப்படிக் கழுவினார்கள் என்பதெல்லாம் கணக்கை மாற்றும். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இது நல்ல கீரை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் 'மடங்கு' கணக்கைச் சற்று உட்கார்ந்து பாருங்கள். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்த்தினால் தண்ணீர் போய், மற்றவை செறிந்து நிற்கும். அந்த உலர்ந்த பொடியை, தண்ணீரோடு கூடிய பச்சைப் பசலைக்கீரையோடு எடைக்கு எடை ஒப்பிட்டால் 25 மடங்கு என்ன, இன்னும் எத்தனையோ சொல்லலாம். பசலையையும் உலர்த்திப் பொடித்து ஒப்பிட்டால் அந்த வித்தை செல்லாது.

இன்னொன்று. 100 கிராம் பொடியில் கால்சியம் சுமார் 2,000 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். யார் 100 கிராம் பொடி சாப்பிடுகிறார்கள்? ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 3 கிராம். அதில் கால்சியம் 60 மில்லிகிராம். ஐம்பது மில்லி பாலில் இருப்பதும் அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டிப் பொடி ஒரு வாய்ப் பாலுக்குச் சமம் என்று அறிந்து சாப்பிடுங்கள்.

இரும்புக்கு வருவோம். அந்தத் தாயின் கதை இங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஒரு வேளை சாப்பிடும் கீரை 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரும்பு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். தாவர உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட நம் சரீரம் எடுத்துக்கொள்வது அரிது. அப்படியானால் ரத்தத்தில் சேர்வது 0.2 மில்லிகிராம். கர்ப்பத்தின் பின்மாதங்களில் தாய்க்கும் சிசுவுக்குமாக ஒரு நாளைக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ரத்தத்தில் சேரவேண்டும். எத்தனை கூடை கீரை தின்பது? அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் இரும்பு 60 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே ஃபோலிக் அமிலம். கர்ப்ப காலத்தில் 180 நாட்களாவது சாப்பிடவேண்டும். மலம் கறுப்பது மாத்திரை செய்யும் தீங்கல்ல. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியே போகிறது, அவ்வளவே. வயிற்றைப் பிரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். டீயோடும் காப்பியோடும் மட்டும் சேர்க்கக்கூடாது. அவை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை உதவும்.

கண்ணின் காரியம்

மாலைக்கண்ணுக்கு முருங்கை என்ற பழைய வழக்கம் வீணானதல்ல. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அந்தி வெளிச்சத்தில் பார்வை மங்கும். பின்பு விழி வறண்டு, கருவிழி கரைந்து, பிள்ளை நிரந்தரமாகக் குருடாகிவிடும். முருங்கை இலையிலுள்ள கரோட்டின் சரீரத்தில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. ஆனால் ஆகாரத்திலுள்ள 12 பங்கு கரோட்டினிலிருந்து ஒரு பங்கு வைட்டமின்தான் கிடைக்கும் என்பது இப்போதைய கணக்கு. கீரையிலிருந்து அதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்பாரும் உண்டு. 1995-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பாலூட்டும் தாய்மாருக்குக் கரும்பச்சைக் கீரைகளைத் தினமும் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி வைட்டமின் ஏ உயரவில்லை. இலையின் திசுக்களுக்குள் கரோட்டின் பூட்டியிருப்பதே அதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள்.

ஆகையால் கீரையை நன்றாக நறுக்கி அல்லது மசித்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேர்த்துச் சமைக்கவேண்டும். கொழுப்பு இல்லாமல் கரோட்டின் உள்ளே போகாது. நம் பாட்டிமார் தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கியது இந்த விஞ்ஞானம் தெரிந்தல்ல என்றாலும், செய்தது சரி. அதோடு, அரசுத் திட்டப்படி ஒன்பதாம் மாதம் 1 லட்சம் யூனிட்டும், அதன்பின் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்டும் கொடுக்கப்படும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவறவிடக்கூடாது. வீட்டில் கீரை உண்டே என்று சொட்டு மருந்தை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கிறோம்.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. இலைச்சாற்றைக் கண்ணில் பிழியாதீர்கள். கண் வலிக்கும் சிவப்புக்கும் முருங்கை இலைச்சாறும் தேனும் விடுவது பல கிராமங்களில் இன்னும் வழக்கம். வயலில் நெல் உமி பட்டுக் கருவிழியில் கீறல் விழுந்தவர் இதைச் செய்தால், சாற்றிலுள்ள கிருமியும் பூஞ்சையும் அந்தக் கீறலில் குடியேறும். வெள்ளைப் புண் விழுந்து, நாட்கள் கடந்து வருகிறார்கள். அதற்குள் பார்வை போயிருக்கும். சாப்பிட நல்லதாயிருப்பது கண்ணுக்கு மருந்தாகாது.

சர்க்கரை வியாதியும் மற்ற மருந்துகளும்

இலையைச் சாப்பாட்டோடு சேர்த்தால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை சற்றுக் குறைகிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கேட்டவுடன் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இன்சுலினால் உயிர் வாழும் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே மயக்கம் வந்து மரணம்வரை போகும். எந்த இலையும் அதற்கு ஈடல்ல. மறுபக்கம், மாத்திரையையும் தவறாமல் போட்டு, பொடியையும் அதிகமாகச் சாப்பிட்டால், சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். பொடி சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். "இது மருந்தில்லையே" என்று மறைத்துவிடுகிறார்கள்.

இருதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் ஆதரவாளர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். கீரைகளில் வைட்டமின் கே அதிகம். அந்த மாத்திரையின் வேலையை அது குறைக்கும். கீரையே ஆகாது என்பதல்ல. ஒரு வாரம் கீரையே இல்லாமல் இருந்து, அடுத்த வாரம் தினமும் மூன்று கரண்டிப் பொடி என்று இராதபடி, ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் பொட்டாசியத்தினிமித்தம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேரும் பட்டையும் வேறு காரியம். இலை ஆகாரம், வேர்ப்பட்டையில் விஷத்தன்மையுள்ள பொருட்கள் இருக்கின்றன. கருவைக் கலைக்க அதை அரைத்துக் குடிக்கும் கொடிய வழக்கமும் இருந்திருக்கிறது. கர்ப்பிணிகள் அதன் பக்கமே போகக்கூடாது.

விதையைப்பற்றியும் ஒரு வார்த்தை. விதையை இடித்துக் கலங்கல் நீரில் கலக்கினால், அதிலுள்ள ஒருவகைப் புரதம் மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் தங்கச் செய்யும். சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரை இப்படித் தெளியவைத்து வந்தார்கள். யாத்திராகமத்தில் மாராவின் கசந்த தண்ணீரை மதுரமாக்கிய மரம் முருங்கையே என்று அடித்துச் சொல்லும் துண்டுப்பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். வேதத்தில் அந்த மரத்தின் பெயர் சொல்லப்படவில்லை, நாமும் சொல்லவேண்டாம். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல, அதைக் கொதிக்கவைக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்போம்.

பொடி அனுப்பலாமா?

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் 1997, 1998 ஆண்டுகளில் சர்ச் வேர்ல்டு சர்வீஸ் என்னும் திருச்சபை நிறுவனம், சத்துக்குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முருங்கை இலைப்பொடியை உணவில் கலந்து கொடுக்கும் ஒரு திட்டத்தை நடத்தியது. அதை நடத்திய லோவெல் ஃபுக்லி என்பவர் எழுதிய புத்தகத்தினால்தான் 'அற்புத மரம்' என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. பிள்ளைகள் எடை கூடினார்கள் என்று ஊழியர்கள் மகிழ்ச்சியோடு எழுதினார்கள். அது களப்பணியின் அனுபவம். பொடி கொடுத்த பிள்ளைகளையும் கொடுக்காத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து அளந்த சோதனை அல்ல. ஆனாலும் அவர்கள் செய்ததில் ஒரு ஞானம் இருந்தது. டப்பாவை இறக்குமதி செய்யவில்லை. ஊரிலேயே நின்ற மரத்தைக் காட்டி, இலையை உலர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள்.

எங்கள் வார்டில் படுத்திருக்கும் கடுமையாக மெலிந்த பிள்ளைக்கு முதல் வாரத்தில் தேவைப்படுவது முருங்கைப் பொடியல்ல. அந்தப் பிள்ளையின் குடலும் இருதயமும் பெலவீனமாயிருக்கும். அளந்து கொடுக்கும் சிகிச்சைப் பால், கிருமிக்கு மருந்து, சூடு, இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை ஊட்டும் கை ஆகியவையே வேண்டும். அந்த முதல் நாட்களில் இரும்புச்சத்து கொடுக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நார் நிறைந்த கீரையைக் கொடுத்தால் சின்ன வயிறு நிரம்பிவிடும், எடை ஏறாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கோ தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம்.

பிள்ளை தேறி, பசியெடுத்துச் சாப்பிடத் தொடங்கியபின், வீட்டுக்குப் போகும்போது முருங்கை வருகிறது. பருப்போடு மசித்த கீரை, முட்டையோடு வதக்கிய கீரை, எண்ணெய் விட்டுச் சுட்ட கேழ்வரகு அடையில் ஒரு கைப்பிடி இலை. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். இங்கே தேறிப் போன பிள்ளை, வீட்டில் மறுபடியும் வெறும் கஞ்சித் தண்ணீருக்குத் திரும்பி, மூன்று மாதத்தில் அதே எடையோடு திரும்பி வந்தால், வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறின கதைதான். ஆகையால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்கள் சமையற்கட்டில் தாய்மாரையே சமைக்கச் சொல்கிறோம்.

பொடி செய்ய விரும்புகிறவர்களுக்கு: இலையை நல்ல தண்ணீரில் கழுவி, நீர் வடித்து, நிழலில் மெல்லிய துணிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் கரோட்டின் அழியும். கையில் நொறுங்கும் பதத்தில் பொடித்து, வெளிச்சம் படாத காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பொங்கிவரும் சாம்பாரிலோ கஞ்சியிலோ போட்டுக் கொதிக்கவிடுங்கள். பச்சையாகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டாம். 2025-இல் அமெரிக்காவில் முருங்கை இலைப்பொடி மூலமாக சால்மோனெல்லா கிருமி பரவிப் பலர் நோயுற்றார்கள். கழுவாத இலையும், கோழி மேயும் களமும் நம் ஊரிலும் உண்டு.

ஆகவே, பெண்கள் சங்கத்துச் சகோதரிகளுக்கு: உங்கள் அன்புக்கு நன்றி. டப்பாக்கள் வேண்டாம். சேர்ந்த பணத்தைச் சிகிச்சைப் பாலுக்கும், வீட்டுக்குப் போகும் தாய்மாருக்குக் கொடுக்கும் பருப்பு, எண்ணெய், முட்டைக்கும் அனுப்பினால் அதை அப்படியே செலவிடுவோம். அதோடு முருங்கை விதையும் அனுப்புங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பி.கே.எம்.-1 ரகம் விதையிலிருந்தே வளர்ந்து ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். உங்கள் ஊரில் யாழ்ப்பாண முருங்கையோ பழைய நாட்டு மரமோ இருந்தால், விதைக்குப் பதில் கட்டைவிரலைவிடப் பருமனான இரண்டு மூன்று அடிக் கிளையாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பலாம். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நடவேண்டும். செடி மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வெடித்துக் கீரை கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். இல்லாவிட்டால் அது நேரே வானத்தைப் பார்த்துப் போய்விடும்.

அந்தத் தாய்க்கு ஒன்பதாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டியது. ஆண் பிள்ளை, 2.6 கிலோ. மாத்திரையை இரவில் போடுகிறார். பொடி டப்பா காலியானபின் வேறு வாங்கவில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் கேட்டுப் பறிக்கிறார்களாம். எங்கள் சமையற்கட்டுக்குப் பின்னால் நட்ட ஆறு கன்றுகளில் நான்கு நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் போகும்போது கம்பளிப்பூச்சிக்குக் கவனமாயிருங்கள்.